கத்தரி நுனி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மாடித்தோட்டக்காரர்கள் ஆலோசனைக்கு அனுப்பும் படங்களில் அடிக்கடி வருவது இது: கத்தரிச் செடி பச்சையாகத்தான் நிற்கிறது, ஒரு கிளையின் நுனி மட்டும் தொங்கிக் கிடக்கிறது. வெயில் தாங்கவில்லை என்று இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். தண்ணீர் போதாவிட்டால் செடி மொத்தமும் துவளும். ஒரு நுனி மட்டும் துவண்டால், உள்ளே புழு இருக்கிறது என்று பொருள்.

இது தண்டையும் காயையும் துளைக்கும் ‘தண்டு மற்றும் காய்த்துளைப்பான்’ என்ற புழு. வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுகள் கொண்ட சிறிய அந்துப்பூச்சி இரவில் முட்டை வைக்கும். பொரிந்த புழு சீக்கிரமே கொழுந்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். மேலே என்ன தெளித்தாலும் அதற்குப் படாது. அதனால் கத்தரிக்கோல்தான் முதல் மருந்து. வாடிய பகுதிக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டுவாயில் துளை தெரிந்தால் இன்னும் கீழே போங்கள். தண்டின் நடுப்பகுதி நிறைந்து தெரிகிற இடம் வரை வெட்ட வேண்டும். வெட்டியதையும் ஓட்டை விழுந்த காய்களையும் உரத்தொட்டியில் போடாமல் சோப்புத் தண்ணீரில் மூழ்க விடுங்கள். இல்லையென்றால் புழு வெளியேறி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி அந்துப்பூச்சியாக வந்து நிற்கும். காய்த்து ஓய்ந்த செடியைப் பிடுங்கி மாடி மூலையில் குவித்து வைப்பதும் இதே தவறுதான். இதற்கென, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்கிறது. அதில் ஆண் பூச்சிகள் மட்டுமே விழும் என்பதால், அதை மட்டும் நம்பி வெட்டுவதை நிறுத்தக் கூடாது. வாரம் இருமுறை செடியைப் பார்த்து வெட்டினால் காய் தப்பும்.

வெண்டையில் வேறு குழப்பம். இலை மஞ்சளானதும் உரம் போடுகிறார்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். நரம்பே மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோய். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. மனம் வராவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அதிலிருந்துதான் பக்கத்துச் செடிக்கு நோயைக் கொண்டுபோகும். வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ள, மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் உயரத்திலேயே கட்டி, செடி வளர வளர மேலே ஏற்றுங்கள்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைத் தேடுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு காவல் நின்று, அதைத் தின்ன வரும் இரைவிழுங்கிப் பூச்சிகளை அண்ட விடாது. அடுத்து, வெள்ளையாக இருப்பதையெல்லாம் நசுக்காதீர்கள். ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் உடலெங்கும் வெள்ளை மெழுகிழையோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும்; ஆனால் பெரிதாக இருக்கும், சுறுசுறுப்பாக ஓடும், மாவுப்பூச்சியைத் தின்னும். இயற்கை எதிரிகளின் பலம் சாதாரணமானதல்ல. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, பூச்சிமருந்தால் முடியாததை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி செய்தது.

வேப்பெண்ணெயைப் பெரும்பாலோர் தவறாகக் கலக்கிறார்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி எண்ணெய், 1 முதல் 2 மில்லி காதி சோப்புக் கரைசல் போதும். முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால்போல வெளுக்க வேண்டும். எண்ணெய் மிதந்தால் இலை கருகும். இரண்டு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மீந்ததை வைத்திருக்காதீர்கள். மறுநாளே பூச்சி செத்து விழாது. வேம்பு அது தின்பதையும் தோலுரிப்பதையும் தடுத்து மெதுவாக வேலை செய்யும். வாரம் ஒருமுறை என மூன்று வாரமாவது தெளிக்க வேண்டும்.

புகையிலைக் கரைசல் மட்டும் வேண்டாம். நிகோடின் மனிதருக்கும் நஞ்சு. புகையிலைத் தேமல் வைரஸ் அதன் வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றலாம். பீடி, சிகரெட் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொடவும் கூடாது.