அந்தக் கல் எங்கே போச்சு?

பிள்ளைகளுக்கு அறிவியல் செயல்வகுப்பு எடுக்கிறேன். கூழாங்கல்லை உருட்டி மெருகேற்றும் டம்ப்ளர் கருவியைக் காட்டியதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளில் பளபளக்கும்?" ஏறக்குறைய ஒரு மாதம் என்பேன். முதல் கட்டத்தைக் கொஞ்சம் சுருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பிள்ளை கற்றுக்கொள்வதில் பெரும்பங்கு அந்த முதல் வாரத்தில்தான் இருக்கிறது.

கருவி எளிமையானது. ஒரு ரப்பர் உருளையில் முக்கால் அளவுக்குக் கற்கள், அவை மூழ்கியும் மூழ்காமலும் தண்ணீர், அதோடு கல்லைத் தேய்க்கும் சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான தூள். இரவும் பகலும் சுற்றும். முதலில் கரகரப்பான தூள், அடுத்து நடுத்தரம், பிறகு மென்தூள், கடைசியில் மெருகுத் தூள். கட்டத்துக்கு ஒரு வாரம்.

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சமையலறைத் தராசைக் கொடுங்கள். உருட்டும் முன் ஓர் எடை, ஒவ்வொரு வாரமும் கழுவித் துடைத்தபின் ஓர் எடை, அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதட்டும். எந்த வாரம் அதிகம் தேய்ந்தது, ஏன் என்ற கேள்வி தானாக வரும்.

ஒருமுறை ஒரு சிறுமி தனக்குப் பிடித்த வெள்ளைக் கல் ஒன்றையும் ஜாஸ்பர் என்ற கடினமான கற்களோடு போட்டுவிட்டாள். அது கால்சைட் என்ற மென்மையான கனிமம். கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் எண் கூடக்கூடக் கல் கடினம்; அதில் கால்சைட்டுக்கு 3, ஜாஸ்பருக்கு ஏறக்குறைய 7. வாரம் கழித்துத் திறந்தோம். வழக்கத்தைவிட வெளுத்த, கெட்டியான சேறு. கையை விட்டுத் துழாவினாள், கல் இல்லை. "அந்தக் கல் எங்கே போச்சு?" விரலில் ஒட்டியிருந்த சேற்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரல்களைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள், "ஆத்துல இருக்கிற வண்டலும் இப்படித்தான் வந்ததா?" அன்றிலிருந்து இரும்பு ஆணியால் கீறிப் பார்க்காமல் அவள் எந்தக் கல்லையும் போடுவதில்லை. ஆணி கீறினால் அது மென்கல், தனியே வைக்க வேண்டும்.

பெரியவர்கள் கையில் இருக்க வேண்டிய வேலைகளும் உண்டு. சேற்றை ஒருபோதும் சிங்கிலோ கழிவறையிலோ கொட்டாதீர்கள். குழாய்க்குள் படிந்து சிமெண்டு மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, தெளிந்த நீரை மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை ஈரத்தோடு கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்தால் அது தூசாகப் பறக்கும். நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கேடு, இதில் அசட்டை கூடவே கூடாது. தூளை அளந்து போடுவதும் பெரியவர்தான், முகக்கவசத்தோடு. சில கற்களிலிருந்து வாயு வரும் என்பதால் முதல் நாள் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள். வாயில் எதையும் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், கற்கள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கட்டத்துக்குக் கட்டம் கழுவும் வேலை பிள்ளையுடையது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் விரிசல்களைத் தேய்க்க வேண்டும். கரகரப்பான தூளில் ஒரு துகள் தங்கினாலும் மெருகேற்றும்போது கீறல் விழும்.

கடைசி நாளில் ஒன்று செய்யுங்கள். நனைந்த கல் எல்லாமே மினுங்கும். துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாகத் தெரிந்தால் இன்னொரு வாரம் உருட்டுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.