மேக்குக்கு எப்படித் தெரிகிறது?

ஏற்காட்டில் ஓர் அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் நீளமாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். நாம் தினமும் பயன்படுத்தும் மென்பொருளும் யாரோ எழுதிய நிரல்தான் என்று மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட நினைத்திருக்கிறார். அதற்காக உரை எழுதவும் திருத்தவும் உதவும் விம் எடிட்டரின் மூல நிரலை இறக்கி, சேலம் அஸ்தம்பட்டியில் தன் வீட்டு லேப்டாப்பில் கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். இந்த வேலையை ஒருங்கிணைத்து நடத்தும் கருவிக்கு ‘மேக்’ (make) என்று பெயர். முதல் முறை ‘மேக்’ என்று தட்டியபோது நிமிடக்கணக்கில் ஓடியது. மறுபடி தட்டியபோது உடனே முடிந்துவிட்டது. ஞாயிறு இரவு அந்த ஃபோல்டர் முழுவதையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, திங்கள் காலை 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பள்ளிக்குப் போனார். லேப் கணினியில் அதைப் பிரித்து, விம் திறந்ததும் தெரியும் வரவேற்பு வரியை ‘வணக்கம் ஏற்காடு’ என்று மாற்றிச் சேமித்து, மேக் தட்டினார். ஒன்றும் மாறவில்லை. பழைய வரியே வந்தது. கூடவே, கடிகாரம் பிசகியிருக்கிறது, கட்டுமானம் முழுமையாக இல்லாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை.

அவர் கேட்டது இரண்டு கேள்விகள். செய்து முடித்த வேலையை மேக் எங்கே குறித்து வைத்துக்கொள்கிறது? குறித்து வைத்திருந்தால், நான் செய்த மாற்றம் ஏன் அதன் கண்ணில் படவில்லை?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மற்றப் படிகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

விம் என்பது நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் எழுதி 1991-இல் வெளியிட்ட எடிட்டர். 1976-இல் பில் ஜாய் எழுதிய ‘விஐ’ எடிட்டரின் வழியில் வந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். முடிந்தால் உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பது மட்டுமே மூலனாரின் வேண்டுகோள். அவர் 2023 ஆகஸ்டில் காலமானார். எடிட்டரை இன்று தன்னார்வலர்கள் தொடர்ந்து வளர்க்கிறார்கள்.

மூல நிரலை இறக்கியதும் முதல் வேலை ‘கான்ஃபிகர்’. உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று இந்த ஸ்கிரிப்ட் சோதிக்கும். சோதிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும்: குட்டியாக ஒரு சி நிரலை எழுதி, அது கம்பைல் ஆகிறதா என்று பார்க்கிறது. கம்பைல் ஆனால் அந்த வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. உபுண்டு, டெபியன் கணினிகளில் புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி நிற்பார்கள், டெர்மினல் நூலகம் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். என்கர்ஸஸ் நூலகத்தின் டெவலப்மென்ட் பொதியை நிறுவினால் சரியாகிவிடும். அப்புறம் மேக். கடைசியில் நிர்வாகி அனுமதி தரும் ‘சூடோ’ போட்டு ‘மேக் இன்ஸ்டால்’. அது புது விம்மை யூஎஸ்ஆர் லோக்கல் என்ற தனி இடத்தில் வைக்கும், ஏற்கெனவே இருக்கும் விம்மைத் தொடாது.

இனி மேக்குக்கு வருவோம்.

விம்மின் மூல நிரல் நூற்றுக்கும் மேற்பட்ட சி கோப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் கம்பைலர் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றி ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு தருகிறது. கடைசியில் லிங்கர் எல்லாவற்றையும் கோத்து ஒரே விம் ஆக்குகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசு உருவாவது போலத்தான். சங்கிலி ஒருவர் கையில், மணி இன்னொருவர் கையில், பற்றவைத்துச் சேர்ப்பவர் வேறொருவர். மணியின் வடிவம் மாறினால் சங்கிலியை யாரும் உருக்க மாட்டார்கள். புது மணி செய்து, பற்றவைப்பை மட்டும் திரும்பச் செய்வார்கள்.

ஆனால் எது மாறியது என்று யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டுமே? மேக் பிறந்ததே இந்தத் தொல்லையால்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், 1976-இல், ஸ்டீவ் ஜான்சன் என்பவர் கோபமாக ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்கு வந்தார். சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி அவருடைய காலைப்பொழுது முழுக்க வீணாகியிருந்தது. பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார், திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யத்தான் மறந்துபோனார். ஃபெல்ட்மனும் முந்தின நாள் மாலை இதே கஷ்டத்தைப் பட்டவர். அந்த வார இறுதியிலேயே மேக்கை எழுதிவிட்டார். அதற்காக 2003-இல் ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது.

அவர் கண்ட வழியின் அழகு இதுதான்: மேக் எதையும் எங்கேயும் குறித்து வைப்பதில்லை. அதற்கென்று ஒரு பதிவேடு கிடையாது, நேற்று என்ன செய்தோம் என்ற நினைவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வருகிறது. பார்ப்பதெல்லாம் கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை. அந்த நேரத்தை இயங்குதளம் எப்படியும் ஒவ்வொரு கோப்புக்கும் எழுதி வைக்கிறது, 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி என்ற கணக்கில். மேக் பிறப்பதற்கு முன்பே அந்தத் தகவல் வட்டில் சும்மா கிடந்தது. ஃபெல்ட்மன் அதைப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

மேக்ஃபைல் என்ற கோப்பில் எது எதிலிருந்து வருகிறது என்று எழுதியிருக்கும். விம் என்ற நிரல் பஃபர்.ஓ, அன்டூ.ஓ முதலான ஆப்ஜெக்ட் கோப்புகளிலிருந்து வருகிறது. பஃபர்.ஓ, பஃபர்.சி-யிலிருந்தும் விம்.ஹெச்சிலிருந்தும் வருகிறது. இப்படி ஒரு குடும்ப மரம். ‘விம் வேண்டும்’ என்று நீங்கள் கேட்டதும் மேக் அந்த மரத்தில் அடி வரைக்கும் இறங்குகிறது. அங்கே ஒரே ஒரு கேள்வி: மூலக்கோப்பு புதியதா, அதிலிருந்து வந்த கோப்பு புதியதா? மூலம் புதியதாக இருந்தால், அதிலிருந்து வந்தது பழசாகிவிட்டது என்று பொருள். உடனே கம்பைலரைக் கூப்பிடும். இல்லாவிட்டால் தொடாமல் அடுத்ததற்குப் போகும்.

நான் மிகவும் ரசிக்கும் இடம் இதற்கு அடுத்தது. பஃபர்.சி-யில் ஒரு வரி மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். பஃபர்.ஓ பழசு, ஆகவே மறுபடி கம்பைல் ஆகிறது. கம்பைல் ஆனதாலேயே அதன் நேரம் ‘இப்போது’ என்று மாறிவிடுகிறது. அதனால் அது விம்மைவிடப் புதியதாகிவிடுகிறது. அதனாலேயே விம் பழசாகிறது. ஆகவே லிங்கர் ஓடுகிறது. செய்தியை மேலே எடுத்துப் போக யாரும் தேவைப்படவில்லை. வேலை நடந்ததே அடுத்த படிக்கு அறிவிப்பாகிவிடுகிறது. மற்ற நூறு கோப்புகளும் அப்படியே இருக்கும். ஆசிரியை இரண்டாம் முறை மேக் தட்டியபோது எல்லாக் கோப்புகளின் நேரத்தையும் அது பார்த்தது, எங்கும் மூலம் பிந்தியதாக இல்லை, திரும்பிவிட்டது. சில நூறு எண்களை ஒப்பிட எந்தக் கணினிக்கும் நேரமே ஆகாது.

விம்.ஹெச் போன்ற தலைப்புக் கோப்பைத் தொட்டால் கதை வேறு. கிட்டத்தட்ட எல்லாக் கோப்புகளும் அதைச் சேர்த்துக்கொள்வதால் எல்லாமே பழசாகிவிடும், முதல் முறை போலவே காத்திருக்க வேண்டியதுதான். இந்த உறவுகளை மேக் தானாகக் கண்டுபிடிப்பதில்லை, அதற்கு சி மொழியே தெரியாது. விம்மின் மேக்ஃபைலில் கீழே போய்ப் பாருங்கள், எந்தக் கோப்பு எதையெல்லாம் சேர்க்கிறது என்று நீண்ட பட்டியல் இருக்கும். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால், அந்தக் கோப்பு மாறும்போது மேக் கவனிக்காது.

ஒரு கோப்புக்கு மட்டும் தனி நடைமுறை உண்டு. வெர்ஷன்.சி-யில் ‘கம்பைல் செய்த நாள், நேரம்’ பதியப்படுகிறது. அது மாறாத கோப்பு என்று விட்டுவிட்டால் பழைய தேதியே நின்றுவிடும் அல்லவா? அதனால் லிங்க் செய்யும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கம்பைல் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். விம்முக்குள் ‘வெர்ஷன்’ கட்டளை கொடுத்தால் முதல் சில வரிகளுக்குள் அந்தத் தேதியைப் பார்க்கலாம். ஆசிரியை மாற்றிய வரவேற்பு வரியும் இதே கோப்பில்தான் இருக்கிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு லாபம் உண்டு. கோடை மழையில் பாதியில் கரண்ட் போனால் பதறத் தேவையில்லை. வந்ததும் மேக் என்று தட்டுங்கள், முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியைத் தொடரும். ஆனால் கரண்ட் போன அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு அரைகுறையாக நின்றிருக்கலாம். அதன் நேரம் புதியதாக இருப்பதால் மேக் அதை முடிந்த வேலை என்றே எடுத்துக்கொள்ளும், கடைசியில் லிங்கர்தான் கோப்பு சிதைந்திருக்கிறது என்று சத்தம் போடும். அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி தட்டினால் போதும்.

சரி, ஆசிரியையின் பள்ளி லேபுக்குப் போவோம். அவர் அனுப்பிய எச்சரிக்கையில் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று ஒரு வரியும், 9.5 பெருக்கல் 10-இன் 7-ஆம் அடுக்கு நொடி என்று ஓர் எண்ணும் இருந்தன. 9.5 கோடி நொடி. ஓராண்டுக்கு ஏறத்தாழ 3.15 கோடி நொடி என்பதால், கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. அதாவது அந்த லேப் கணினி மூன்று ஆண்டு பின்தங்கி ஓடுகிறது.

மதர்போர்டில் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். கணினி அணைந்திருக்கும்போது உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகத்தை அதுதான் துடிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. நொடிக்கு 32,768 அதிர்வு. இரண்டின் 15-ஆம் அடுக்கு அது, 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். பேட்டரி தீர்ந்தால் எண்ணிக்கை நின்றுவிடும், தேதி பழையதொரு நாளுக்குப் போய்விடும். இணைய இணைப்பு இருந்தால் கணினி நேரச் சேவையகத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அந்த லேபில் இணைப்பும் இல்லை.

இனி நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். டார் கோப்பைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் கோப்புகள் தங்கள் பழைய நேரத்தோடுதான் வெளியே வரும். ஆகவே லேபில் வந்து இறங்கிய விம், ஞாயிற்றுக்கிழமை என்ற சரியான நேரத்தைச் சுமந்து வந்தது. அவர் அங்கே உட்கார்ந்து மாற்றிய வெர்ஷன்.சி-க்கு, பின்தங்கிய கடிகாரம் மூன்று ஆண்டுக்கு முந்தைய நேரத்தைக் குத்தியது. மேக் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. மூலக்கோப்பு மூன்று ஆண்டு பழசு, விம்மோ நேற்றையது. செய்வதற்கு என்ன இருக்கிறது? திரும்பிவிட்டது. அவர் வெறும் மூல நிரலை மட்டும் எடுத்துப் போயிருந்தால் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கும்: எதைக் கம்பைல் செய்தாலும் மூலமே எதிர்காலத்தில் இருப்பதால், எத்தனை முறை மேக் தட்டினாலும் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும்.

நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் கருவிகளும் இன்று உண்டு. ஸ்கான்ஸ் அந்த வகை. கோப்பின் கைரேகை போல ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு பதிவேடு வேண்டும், கோப்பைத் திறந்து முழுதாகப் படிக்கவும் வேண்டும். ஏறக்குறைய அரை நூற்றாண்டாக மேக் நிலைத்திருப்பது, நேரத்தைப் பார்ப்பது இவ்வளவு மலிவான வேலையாக இருப்பதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு விஷயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வாங்கப் பணம் ஒதுக்கப்படுகிறது, வாங்கியதைப் பராமரிப்பதும் அதே அளவு முக்கியம். சில்லறைக் காசில் கிடைக்கும் ஒரு பேட்டரிக்காக ஒரு வகுப்பின் பாடம் நின்றுபோவது வருத்தமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்து, ரசீது மட்டும் கேட்டால் போதும். இன்னொன்று, கணினியில் எதையாவது நிறுவுவதற்கு முன் ராகு காலம் பார்ப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், படித்தவர்களிலும். மேக்கைவிட அதிகமாக நேரத்தைச் சார்ந்திருக்கும் கருவியைக் காண்பது அரிது. அதற்கும் தேவைப்படுவது எது முந்தியது, எது பிந்தியது என்ற ஒரு தகவல்தான். நேரத்தில் நல்லது கெட்டது இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு ஓர் ஆசிரியருக்குக் கிடைக்காது.

டீச்சர், நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்யுங்கள். பிறகு வெர்ஷன்.சி-யைத் திறந்து மறுபடி சேமியுங்கள், அல்லது ‘டச்’ கட்டளை கொடுங்கள், அதன் நேரம் இன்றைக்கு வந்துவிடும். மேக்குடன் ‘மைனஸ் என்’ சேர்த்துத் தட்டினால், எதையும் செய்யாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும். மாணவர்களுக்கு விளக்க இது மிகவும் உதவும். ஒவ்வொரு கோப்பாகத் தொட்டுவிட்டு, அடுத்து எது ஓடும் என்று அவர்களையே கேளுங்கள்.

பிறகு அவர்களே ஒரு சின்ன மேக்ஃபைல் எழுதட்டும், இரண்டு சி கோப்பு போதும். கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் விசையைத்தான் அழுத்த வேண்டும், இடைவெளி போட்டால் ஏற்காது. இந்த விதி சிரமமானது என்பது ஃபெல்ட்மனுக்கும் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மாற்றாமல் விட்டுவிட்டார். விம்முக்கு இந்த விதி தெரியும். டேப்பை இடைவெளியாக மாற்றும்படி நீங்கள் பொதுவாக அமைத்து வைத்திருந்தாலும், கோப்பின் வகைக்கேற்ற அமைப்புகளை ஏற்றும் வசதி இயக்கத்தில் இருந்தால், மேக்ஃபைல் என்று கண்டதும் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் டேப்பை டேப்பாகவே விட்டுவிடும்.