பிறேக் குழாயில் புகுந்த காற்று

பிறேக் பெடலில் கால் கொடுக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது மெல்லிய உலோகக் குழாய்களில் அடைபட்டு நிற்கும் பிறேக் ஒயில் என்ற திரவமே. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பஸ்கால் விளக்கிய விதிதான் இதற்கு அடிப்படை. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் என்ற உருளையில் உள்ள சிறு பிஸ்டன் தள்ளும் திரவம், நான்கு சக்கரங்களிலும் உள்ள பிஸ்டன்களை அதே அழுத்தத்துடன் தள்ளுகிறது. ஆனால் பிஸ்டனின் தள்ளல் சக்கரம் வரை வீணாகாமல் போய்ச் சேர, இடையில் நிற்பது எளிதில் சுருங்காத பொருளாக இருக்க வேண்டும்.

காற்று அப்படிப்பட்டதன்று. பலமாகப் பிறேக் பிடிக்கும்போது குழாயினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 50 மடங்கை எட்டலாம். அந்த அழுத்தத்தில் பிறேக் ஒயிலின் கனவளவு ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை; காற்றோ ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காக ஒடுங்கிவிடுகிறது. இதன் விளைவைச் சிறு கணக்கில் பார்க்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மில்லிமீற்றர் என்றால், குழாயில் இருக்கும் ஒரு கன சென்ரிமீற்றர் காற்றை ஒடுக்குவதற்கே பிஸ்டன் 3 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக நகர வேண்டும். பெடலின் நெம்புவிகிதம் நான்கு என்றால், அதாவது பிஸ்டன் நகர்வதைப்போல நான்கு மடங்கு தூரம் கால் செல்ல வேண்டும் என்றால், கால் கூடுதலாகச் செல்லும் தூரம் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர். மூன்று கன சென்ரிமீற்றர் காற்று புகுந்திருந்தால் அது 4 சென்ரிமீற்றரை நெருங்கும். பெடல் தரையைத் தொடும்வரை செல்லக்கூடிய முழுத் தூரமும் பல கார்களில் ஒரு சாணுக்கும் குறைவானது என்பதை நினைத்தால் இதன் ஆபத்து விளங்கும். காற்று அழுத்தத்தைத் தின்பதில்லை, பெடலின் தூரத்தைத்தான் தின்கிறது. பெடல் பஞ்சாக அமுங்குகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

அப்படிப்பட்ட பெடலை இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்தால் அது மேலே எழும்பி இறுகுவதும் உண்டு. மிதித்து விடும் ஒவ்வொரு முறையும் மேலுள்ள ஒயில் தொட்டியிலிருந்து சிறிது திரவம் கூடுதலாக இறங்குவதே இதற்குக் காரணம். உள்ளே காற்று அப்படியேதான் இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அது வேறு நோய்: ஒயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் தேய்ந்திருக்கிறது.

தொட்டியில் ஒயில் மட்டம் தாழ்வதாலும், குழாயையோ, சக்கரத்தில் பிறேக் பிஸ்டனைத் தாங்கும் கலிப்பரையோ கழற்றிப் பூட்டுவதாலும் காற்று புகும். அதை வெளியேற்றும் வேலையைத்தான் கராஜ்களில் 'எயர் எடுத்தல்' என்கிறோம். ஒருவர் பெடலை நிதானமாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் துளையுள்ள திருகை, சிறிது தளர்த்துவார். ஒயிலும் குமிழிகளும் நிப்பிளில் மாட்டிய தெளிவான குழாய் வழியே, முனை ஒயிலில் மூழ்கியிருக்கும் போத்தலுக்குள் வரும். நிப்பிளை இறுக்கிய பின்னரே பெடலை விட வேண்டும். முந்தி விட்டால், திரும்பும் பிஸ்டன் வெளிக்காற்றை நிப்பிள் வழியே உள்ளே இழுக்கும். பெடலை வேகமாகக் குத்தினால் பெரிய குமிழி நுண்குமிழிகளாக உடைந்து ஒயிலில் கலந்துவிடும் என்பதால் நிதானம் அவசியம். பழைய கார்களில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது. வழக்கமாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் சிலிண்டரின் சுவர் துருவேறிச் சொரசொரப்பாக இருக்கலாம். பெடல் தரைவரை சென்றால் இறப்பர் அங்கே கிழிந்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவான மரபு. நமது வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் அது பெரும்பாலும் பின் இடது சக்கரம். ஒரு முன் சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின் சக்கரத்தையும் குறுக்காக இணைக்கும் இரட்டைக் குழாய் அமைப்புகளில் ஒழுங்கு மாறலாம். அங்கே காரின் கையேட்டையே பின்பற்ற வேண்டும். காற்று மேலே ஏறும் என்பதால் நிப்பிள் எப்போதும் கலிப்பரின் உச்சியில் இருக்கும். இடது, வலது கலிப்பர்களை மாற்றிப் பூட்டினால் அது அடிப்பக்கம் போய்விடும். எவ்வளவு ஒயிலை ஓடவிட்டாலும் உச்சியில் தங்கிய காற்று வெளியேறாது.

வெளியிலிருந்து புகாமல் உள்ளேயே பிறக்கும் குமிழியும் ஒன்று உண்டு. திருகோணமலை வாகனக்காரர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது அதற்கே என்பது என் கருத்து. வழக்கமான பிறேக் ஒயில் கிளைக்கோல் ஈதர் வகையைச் சேர்ந்தது. ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. தொட்டி மூடியின் காற்றுத் துளை வழியாகவும் இறப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்லப் புகுகிறது. துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் இடையே கிடக்கும் நகரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 3, டொட் 4 என்பவை பிறேக் ஒயிலின் தர வகைகள். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அதற்கான வரையறை 140 பாகைதான். டொட் 4 ஒயிலில் இந்த எண்கள் 230, 155.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று சமதரையில் ஓடும்வரை இந்தக் குறை தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது தெரியும். 1200 கிலோகிராம் நிறையுள்ள கார் 1000 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், நான்கு லீற்றருக்கு மேற்பட்ட நீரை முழுவதும் கொதித்து ஆவியாக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கும். இல்லையேல் பிறேக்குகளே தாங்க வேண்டும். ஒயில் கொதித்து நீராவிக் குமிழி தோன்றினால் பெடல் திடீரென்று தரைக்குப் போய்விடும். பிறேக் ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிக் குமிழி மறைந்துவிடுவதால், மறுநாள் கராஜில் சோதிப்பவருக்குப் பெடல் சரியாகவே தோன்றும். எயர் எடுத்தால் இது தீராது. பழைய ஒயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியது நிரப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி பல உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள்; கடலோரத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. நெடுநாள் திறந்து கிடந்த டின்னில் உள்ள ஒயிலையும் ஊற்றக் கூடாது.

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களில் அதன் வால்வுகளுக்குள் காற்று சிக்கினால், பெரும்பாலும் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரைக் கொண்டு உள்ளேயுள்ள பம்பை இயக்கித்தான் அதை வெளியேற்ற முடியும். உப்புக் காற்றில் நிப்பிள்களும் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. துரு கரைக்கும் ஒயிலை முதல்நாளே தெளித்துவிட்டு, ஆறு பக்கமும் பிடிக்கும் ரிங் ஸ்பனரால் மெதுவாகத் தளர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் நிப்பிளின் வாயை மூடும் சிறு இறப்பர்த் தொப்பியை மறவாமல் மாட்டிவிட வேண்டும். அது இல்லாத நிப்பிள் உள்ளுக்குள்ளும் துருவேறி, அடுத்த முறை திருகும்போது முறிந்துபோகலாம்.