கூலியை விட்டுவிட்ட கர்சர்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்காக பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதனால் அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

மொத்தம் = எடை * விலை + கூலி

விஎஸ் கோடு என்ற, நிரல் எழுதும் எடிட்டரில் கர்சரை ‘விலை’ மேல் வைத்து ஷிஃப்ட், ஆல்ட், வலது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பைத்தானுக்கான எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் சேர்க்கும் துணைநிரல்) ஒழுங்காக வேலை செய்தால் முதலில் ‘விலை’ தேர்வாகும். அடுத்து ‘எடை * விலை’. அடுத்து ‘எடை * விலை + கூலி’. பிறகு முழு வரி, அப்புறம் முழு நிரல். ‘விலை + கூலி’ மட்டும் ஒருநாளும் வராது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன என்றாலும்.

காரணம், அங்கே தேர்வாவது எழுத்துகள் அல்ல, மரத்தின் கிளைகள். பார்சர் என்ற, இலக்கணம் பிரிக்கும் கருவி நிரலைப் படித்து ஒரு மரமாக்கி வைக்கிறது. கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பதால் எடையும் விலையும் ஒரே கிளையில் சேர்கின்றன. கூலி அதற்கு மேலே வந்து ஒட்டுகிறது. ஒவ்வொரு அழுத்தலும் தாய்க்கிளைக்கு ஒரு படி ஏறுவதுதான்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதியைச் சித்திரை வீதி சூழ்கிறது, அதை ஆவணி மூல வீதி, அதை மாசி வீதி, அதை வெளி வீதி. ஆனால் ஊருக்கு நடு ஒன்றுதான். நிரலில் கர்சர் நிற்கும் இடமெல்லாம் நடு.

எடிட்டருக்குப் பைத்தான் இலக்கணம் தெரியாது. 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் (எடிட்டரும் மொழி தெரிந்த நிரலும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக அது எக்ஸ்டென்ஷனில் இருக்கும் சர்வரைக் கேட்கிறது: ‘இந்த வரியில் 16ஆம் இடத்தில் நிற்கிறேன், என்னைச் சூழ்ந்திருப்பவை எவை?’ பதில் ஒரு சங்கிலி. ஒவ்வொரு துண்டும் தன் தாய்த்துண்டைக் காட்டும், தாய்க்குள் பிள்ளை அடங்கியே ஆக வேண்டும். பதில் சொல்ல ஆளில்லை என்றால் விஎஸ் கோடு சொற்களையும் அடைப்புக்குறிகளையும் வைத்து ஊகிக்கும், அவ்வளவுதான்.

அப்படிப் பதில் சொல்லும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். மரம் கட்ட ட்ரீ-சிட்டர் என்ற பார்சரை எடுத்துக்கொண்டேன். பாதி தட்டிய, பிழையுள்ள நிரலையும் அது சலிக்காமல் மரமாக்கும். மாறிய பகுதியை மட்டும் திரும்பப் படிக்கும். ஆங்கிலப் பெயர்களில் எல்லாம் சரியாக ஓடியது. பூக்கடை நிரலைத் திறந்து பார்த்த தம்பி ஒருவன்தான் கண்டுபிடித்தான்: “அண்ணே, ரெண்டாவது தடவ அமுக்குனா கூலிய விட்டுட்டு மொத்தத்தப் பிடிக்குதுண்ணே!”

உண்மைதான். ‘மொத்தம் = எடை * விலை’ வரை நீலமாகி நின்றது.

‘விலை’ கண்ணுக்கு 2 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று 4. புரோட்டோகால் வழக்கமாக எண்ணும் யுடிஎஃப்-16இலும் 4தான் (யுடிஎஃப் என்பது அந்த எண்களைச் சேமிக்கும் முறை). யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 12. நான் பயன்படுத்திய பைத்தான் ட்ரீ-சிட்டர் பைட்டில் எண்ணுகிறது. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால், எடிட்டர் கணக்கில் ‘விலை’ தொடங்கும் இடம் 16, பைட் கணக்கில் 36. நான் 16ஐ அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். 16ஆம் பைட் ‘மொத்தம்’ என்ற சொல்லின் நடுவில் கிடக்கிறது. ட்ரீ-சிட்டரும் அந்தச் சொல்லின் 21 பைட்டை நேர்மையாகத் திருப்பித் தந்தது. எடிட்டர் அந்த 21ஐத் தன் கணக்கில் எண்ணி, ‘விலை’க்கு அடுத்த வெற்றிடம் வரை வண்ணம் பூசிவிட்டது. இரண்டு தப்பு சேர்ந்து பார்க்க ஏறக்குறைய சரி மாதிரி ஒன்றைத் தந்ததால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. முதல் அழுத்தலில் ‘விலை’ ஒழுங்காக வந்ததுகூட என் திறமை இல்லை, எடிட்டர் தானாகப் பிடித்த சொல் அது.

சரிசெய்ய 6 வரி போதுமாக இருந்தது: கேள்வி வரும்போது பைட்டுக்கு மாற்று, பதில் போகும்போது திரும்ப மாற்று. பூக்கடைக் கணக்கு இப்போது என் சோதனைக் கோப்புகளில் முதலில் ஓடுகிறது.