விவேசன்: விமர்சனமும் அல்ல, திறனாய்வும் அல்ல

'குஜராத்திக் கவிஞரும் விமர்சகருமான உமாசங்கர் ஜோஷி' என்று தொடங்கும் அறிமுகக் குறிப்பை எத்தனை முறைதான் படிப்பது? அண்மையில் ஒரு வாசகர் வட்டத்தில் யாரோ அதை அப்படியே உரக்கப் படிக்க, முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர் கேட்டார்: "யாரை விமர்சித்தார் ஐயா? அரசாங்கத்தையா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'அமைச்சரை எதிர்க்கட்சித் தலைவர் விமர்சித்தார்' என்று நாளிதழ் எழுதினால் சாடினார் என்றுதானே பொருள்? மாணவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

குஜராத்தியில் அவரை விவேசக் என்பார்கள். அவர் செய்தது விவேசன், அதாவது இலக்கியத்தின் நிறைகுறைகளைப் பிரித்துப் பார்ப்பது. ('ச'வைப் 'பச்சை'யில் வருவதுபோல ஒலிக்கவும்.) வடமொழியில் 'விச்' என்றால் பிரித்தல்; பழைய வழக்கில் குறிப்பாகத் தானியத்தைப் புடைத்து உமியைப் பிரித்தல். விவேகமும் இதே வேரில் முளைத்ததுதான். நம்மிடம் வந்து அது வேகத்துக்கு எதிர்ச்சொல்லாகி நெடுஞ்சாலைப் பலகையில் நிற்கிறது. விமர்சனத்தின் வேர் வேறு: தொட்டுப் பார்த்தல், எண்ணிப் பார்த்தல். பிறப்பில் அதற்கு ஒரு குறையும் இல்லை, சேர்ந்த இடம்தான் சரியில்லை.

'விமர்சனத்துக்குப் பதிலாகத்தான் திறனாய்வு என்ற சொல் இருக்கிறதே' என்று தனித்தமிழ் அன்பர்கள் உடனே கை தூக்குவார்கள். இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. பள்ளிப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் 'திறனாய்வு' என்று சொல்லிப் பாருங்கள். தேசியத் திறனாய்வுத் தேர்வு, ஊரகத் திறனாய்வுத் தேர்வு, உதவித்தொகை, விண்ணப்பக் கடைசி நாள் என்றுதான் பேச்சு போகும். திறம் என்பதற்குக் கூறுபாடு, வகை என்று பழம்பொருள் உண்டு, ஆகவே திறனாய்வு என்றால் கூறுகூறாக ஆய்தல் என்று எனக்கு ஒரு நண்பர் பாடம் நடத்தினார். நல்ல பாடம். ஆனால் அந்தப் பழம்பொருளை இன்று யார் கேட்கிறார்கள்? திறன் மேம்பாடு, திறன் பயிற்சி, கற்றல் திறன் என்று நாடெங்கும் ஒரே திறன் மயம். ஒரு சொல்லை விளங்கிக்கொள்ள நண்பரையும் கூடவே அழைத்துப்போக வேண்டும் என்றால் அது எப்படி வழக்குச் சொல்லாகும்?

உமாசங்கரின் வேலைக்கும் அது பொருந்தவில்லை. 1941இல் அவர் அகோவைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அகோ பதினேழாம் நூற்றாண்டுக் கவி, தொழிலால் பொற்கொல்லர். அவருக்குப் பாடும் திறன் இருந்ததா என்று சோதித்து மதிப்பெண் போடவா அந்த நூல்? 1947 முதல் 1984 வரை 'சமஸ்கிருதி' இதழை நடத்தியவர், தாமே கவிஞர். 'நிசீத்' தொகுப்புக்காக 1967ஆம் ஆண்டின் ஞானபீட விருதைக் கன்னடக் கவிஞர் குவெம்புவோடு பகிர்ந்துகொண்டவர். இன்னொரு கவியின் வரியை அவர் கையில் எடுப்பதைத் தேர்வாளர் வேலையாக நினைக்க என்னால் முடியவில்லை.

சரியான சொல் நம் சமையலறையிலேயே கிடக்கிறது. என் பாட்டி முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். முறத்தில் பரப்பி, காம்பை உருவி, பழுத்த இலையை ஒதுக்கி, பூச்சி அரித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தள்ளுவார். கீரையை அவர் திட்டியதும் இல்லை, அதற்குத் தேர்வு வைத்ததும் இல்லை. ஆய்ந்தார், அவ்வளவுதான். 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' என்று தொல்காப்பியம் நுணுக்கத்துக்குச் சொல்லும் நான்கில் ஒன்று இது. உமி பிரித்த 'விச்'சுக்கு இதைவிட நெருங்கிய உறவு எங்கே தேடுவது?

சிக்கல் இல்லாமல் இல்லை. 'கவிஞரும் ஆய்வாளருமான' என்று வெறுமனே எழுதினால் உமாசங்கர் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். எதை ஆய்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது: கவிதையாய்வு, கவிதையாய்வாளர். 'கவிஞர், கவிதை ஆய்ந்தவர்' என்றாலும் போதும்.

இதெல்லாம் ஆங்கிலக் குறிப்பை வைத்துக்கொண்டு குஜராத்தியைத் தமிழாக்குவதால் வரும் வினை. உமாசங்கர் வடமொழி நாடகங்களான சாகுந்தலத்தையும் உத்தரராமசரிதத்தையும் மூலத்திலிருந்தே குஜராத்திக்குக் கொண்டுவந்தார். நம்மவர்களோ ஆங்கில எழுத்தைக் கூட்டி 'நிஷித்' என்று எழுதுகிறார்கள். நிசீத் என்றால் நள்ளிரவு. நடுநிசி என்று அன்றாடம் சொல்லும் நமக்கு அது விளங்காதா? 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'கவினி ஸ்ரத்தா' நூலின் பெயரை ஒருவர் 'கவியின் சிரத்தை' ஆக்கியிருந்தார். ஸ்ரத்தா அங்கே நம்பிக்கை. இங்கே சிரத்தை, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையிடம் ஆசிரியர் 'இல்லை' என்று குறைப்படும் பொருள்.