திருப்பூரை இரண்டு பக்கமும் சுட்ட வதந்தி

செய்தி நிறுவனம் ஒன்றில் உண்மை சரிபார்ப்புப் பணியில் இருக்கிறேன். "இந்த வீடியோ உண்மையா, பொய்யா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பல நேரம் வீடியோ உண்மையானதாகவே இருக்கும். எந்த ஊர், எந்த நாள், யார் யாரை அடித்தார்கள் என்று கூடவே எழுதி அனுப்பும் நான்கு வரியில்தான் பொய் இருக்கும். அந்த நான்கு வரியை எழுதியவர் யார், அதை ஒரே நேரத்தில் நூறு இடங்களுக்குக் கொண்டுபோனவர்கள் யார் என்று கேட்கப் பழகாதவரை நாம் ஏமாந்துகொண்டே இருப்போம்.

2023 ஜனவரியில் திருப்பூரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சிலரைத் துரத்தும் காட்சி. "தமிழனைத் தமிழ்நாட்டிலேயே விரட்டுகிறார்கள்" என்ற வரியோடு அது தமிழ்க் குழுக்களில் பரவியது. சில நாட்களுக்கு முன் நடந்த தகராறு அது என்று காவல்துறை விளக்கியது. ஆனால் விளக்கம் வருவதற்குள் ஒரு ஊர் முழுக்கப் பயமும் கோபமும் ஏறிவிட்டன.

மார்ச் மாதம் பிறந்ததும் கதை அப்படியே தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், இந்தி பேசியதற்காக 12 பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள் என்று இந்தியில் செய்தி ஓடியது. பீகார் சட்டமன்றத்தில் அமளி. பீகார் அரசு தன் அதிகாரிகள் குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அப்போது தமிழ்நாட்டு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, சுற்றிக்கொண்டிருந்த காட்சிகளைப் பற்றித் தெளிவாகச் சொன்னார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரண்டு பிரிவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலைக் காட்சியையும் தமிழ்நாடு என்று சொல்லிப் பரப்பினார்கள். காயம்பட்டவர்கள்போல் இருவர் கட்டுப்போட்டுக்கொண்டு பேசும் ஒரு வீடியோவோ பாட்னாவில் ஒரு வீட்டிலேயே எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு அறிவித்தது.

இரண்டு மாத இடைவெளியில் ஒரே ஊரை வைத்து, ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு கதைகள். இரண்டையும் ஒரே கை இயக்கியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே கை தூண்டிய சம்பவம் உலகில் பதிவாகியிருக்கிறது. 2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கத்தின. இஸ்லாத்தை எதிர்த்துக் கூட்டம் கூட்டிய ஃபேஸ்புக் பக்கம், ஆதரித்து அழைத்த பக்கம் இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்ற நிறுவனம். விளம்பரத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 200 டாலர்தான் என்று 2017இல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளிவந்தது. தெருவில் நின்றவர்கள் நிஜ மனிதர்கள், அவர்களுடைய கோபமும் நிஜம். அழைத்தவன் மட்டும் பொய்.

இப்படிப்பட்ட வலையமைப்புகளைப் பிடிக்கும்போது ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் பதிவின் உள்ளடக்கத்தைவிடக் கணக்குகளின் நடத்தையைத்தான் முதலில் பார்க்கிறது. நாங்களும் அப்படித்தான். பெயரும் படமும் வேறுவேறாக இருக்கும் கணக்குகள் ஒரே வாசகத்தை, ஒரே எழுத்துப்பிழையோடு, சில நிமிட இடைவெளியில் போட்டால் அது மக்கள் கருத்து அல்ல. எழுதிக் கொடுத்ததை எடுத்து ஒட்டுகிறார்கள். மாதக்கணக்கில் கிரிக்கெட்டும் காலை வணக்கமும் மட்டும் போட்டுவந்த கணக்கு திடீரென்று ஒரே நாளில் ஐம்பது முறை ஒரு ஹேஷ்டேக்கைப் போடுவதும் அப்படியே. டிரெண்டிங் பட்டியலில் ஒன்று மேலே வந்தால் நாடே அதைப் பேசுகிறது என்று நம்பிவிடுகிறோம். ஒழுங்காக வேலை பிரித்துக்கொண்ட ஒரு சிறு குழுவால் அந்தத் தோற்றத்தை உண்டாக்க முடியும். கட்சி வேறுபாடு இல்லாமல் இங்கே எல்லோருமே இதைச் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். திட்டி எழுதுவதற்காக அதே ஹேஷ்டேக்கைப் போடும் நீங்களும் அந்த எண்ணிக்கையில்தான் சேருகிறீர்கள்.

வீடியோவைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டியின் நம்பர் பிளேட்டில் எந்த மாநில எழுத்து, போலீஸ் சீருடை எப்படி, பின்னால் கேட்கும் பேச்சு எது என்று பாருங்கள். ஒலியை நீக்கி அனுப்பியிருந்தால் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள். ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்து கூகுள் லென்ஸில் தேடினால் பழைய செய்தி பலமுறை அகப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம்; அது எங்கிருந்து கிளம்பியது என்று அனுப்பிய உங்கள் உறவினருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மறுப்புச் செய்தியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மார்ச் வதந்தி ஓடியது இந்தியில். நாம் எழுதிக் குவித்த மறுப்போ பெரும்பாலும் தமிழில். பீகாரின் சமஸ்திபூரிலோ தர்பங்காவிலோ இருக்கும் ஒரு தாய்க்கு நம் கட்டுரை எப்படிப் போய்ச் சேரும்? பனியன் கம்பெனியில் ஒரு தொழிலாளி இந்தியில் தன் வீட்டுக்குப் பேசி அனுப்பும் அரை நிமிடக் குரல் பதிவு எங்கள் கட்டுரையைவிட வேகமாக வேலை செய்யும். வடமாநிலத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் இதை வதந்தி கிளம்பிய அன்றைக்கே செய்ய வேண்டும். ஊருக்கு டிக்கெட் எடுக்க ஆட்கள் ஸ்டேஷனில் நிற்கும்போது பேசிப் பயனில்லை.

உங்கள் கைக்கு அப்படி ஒரு வதந்தி வந்தால் பதறி அழிக்காதீர்கள். அனுப்பிய எண், வந்த நேரம், பதிவின் இணைப்பு மூன்றையும் சேமித்துவிட்டுக் காவல்துறையின் சைபர் பிரிவுக்கோ எங்களைப் போன்றவர்களுக்கோ அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் வதந்தியைக் கிளப்பியவர்கள் முதலில் அழிப்பது மூலப் பதிவைத்தான்.