மாய மந்திரமும் "நான் நம்பவில்லை" என்ற அறிவிப்பும்

டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் மேசை ஆட்டங்களைக் கட்டணம் வாங்கி நடத்துவது என் தொழில். புதிதாக கேம் மாஸ்டர், அதாவது கதையை விவரித்து எதிரிகளை இயக்குபவர், ஆகிறவர்கள் சண்டை விதிகளைத்தான் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். ஆனால் மேசையில் மனக்கசப்பு கிளம்புவதை நான் அதிகம் பார்த்தது மாயத்தோற்ற மந்திரங்களில்தான்.

காரணம் எளிது. ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தைப் போட்டால் 8 ஆறுமுகப் பகடைகளை உருட்டிச் சேதத்தைக் கூட்டிவிடலாம், வாதத்துக்கு இடமில்லை. மாயச் சுவர் ஒன்றை எழுப்பினால் எதிரி என்ன செய்வான் என்பது முழுக்க கேம் மாஸ்டர் கையில் இருக்கிறது. அவர் எல்லாப் பூதங்களையும் சந்தேகப் பிராணிகளாக நடத்தினால், மந்திரம் போட்டவருக்கு அந்த ஸ்லாட், அதாவது எண்ணி வைத்திருக்கும் மந்திர வாய்ப்புகளில் ஒன்று, வீண். இப்படி இரண்டு முறை நடந்தால் அவர் மாயத்தை விட்டுவிட்டு ஃபயர்பாலுக்குப் போய்விடுவார். அது பெரிய இழப்பு, ஏனென்றால் மேசையில் மிகவும் கற்பனையோடு ஆடுபவர்கள்தான் பெரும்பாலும் மாயத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விதிகள் இதில் நம் பக்கம் இருக்கின்றன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே, மாயத்தை உற்றுக் கவனித்தாலோ அதோடு ஏதாவது செய்தாலோதான் சேவ், அதாவது பகடை உருட்டி மாயத்திலிருந்து தப்பும் வாய்ப்பு, கிடைக்கும். சும்மா பார்த்ததற்குக் கிடையாது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் சைலன்ட் இமேஜ் என்ற மாயத்தோற்ற மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 அடி கனசதுரத்துக்குள் அடங்கும் உருவம் அது. சந்தேகப்படுபவர் தன் ஆக்‌ஷனை, அதாவது அந்தச் சுற்றில் தன் முக்கியச் செயலை, செலவழித்து ஆராய வேண்டும். அறிவு 16 உள்ள முதல் நிலை மந்திரவாதியின் டிசி, அதாவது ஆராய்பவர் இருபதுமுகப் பகடையில் எட்ட வேண்டிய எண், 13. அறிவு 10 உள்ள ஒரு கோப்ளின், அதாவது குட்டிப் பூதம், அதை எட்ட 40 சதவீத வாய்ப்புதான். எட்டினாலும் அந்தச் சுற்றில் அது வாளை வீசவில்லை! மந்திரம் அப்போதே தன் வேலையைச் செய்துவிட்டது. கையோ அம்போ உருவத்தை ஊடுருவிப் போனால் மட்டும் குட்டு தானாக உடைந்துவிடும்.

அதனால் "நான் நம்பவில்லை" என்று வாயால் சொல்வது போதாது. யாராவது அப்படிச் சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பாத்திரம் இப்போது என்ன செய்கிறது?

ஃபேன்டஸ்மல் ஃபோர்ஸ் வேறு ரகம். அது ஒரே ஒருவர் மனதுக்குள் நடப்பது, மற்றவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இல்லாத பாலத்தில் கால் வைத்துப் பள்ளத்தில் விழுந்தவன்கூட, பாலம் இருந்தது, யாரோ தள்ளிவிட்டார்கள் என்றே நினைப்பான். விதிப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. இங்கே "விழுந்ததும் தெரிந்திருக்குமே" என்று வாதாடுபவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

சரி, மாயத்தை நீங்கள் ஆட்டக்காரர்கள் மேல் போடும்போது? "எல்லாரும் பகடை போடுங்கள்" என்று சொன்ன நொடியே ரகசியம் போச்சு. பகடைக்குப் பதிலாக விவரிப்பில் தடயம் வையுங்கள். சைலன்ட் இமேஜுக்குச் சத்தம் கிடையாது, சூடும் கிடையாது. அருவி கொட்டுகிறது, ஆனால் பக்கத்தில் நிற்பவர் மெல்லப் பேசுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. இதைக் கவனித்தவர் தானாகக் கேட்பார், அப்போது பகடையை நீட்டுங்கள். கவனிக்காவிட்டால் மாயம் ஜெயித்தது, அதுவும் நியாயமே. ஆனால் அடிக்கடி செய்யாதீர்கள். ஒவ்வொரு கதவையும் கம்பால் குத்திப் பார்க்கும் கூட்டமாக ஆட்டக்காரர்கள் மாறினால், நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் ரசிக்க முடியாது.

அப்புறம், ஃபேன்டஸ்மல் கில்லர். இலக்கின் மனதில் இருக்கும் பயங்களையே உருவமாக்கும் மந்திரம். இங்கே பாத்திரத்தின் பயத்தை எடுங்கள், ஆடுபவரின் பயத்தைத் தொடாதீர்கள். பாம்பு, நீரில் மூழ்குவது, இறந்துபோன உறவினர் என்று மேசையில் எது வரக்கூடாது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுகிறேன். காரணம் விசாரிப்பதில்லை. பதில் சொல்ல ஒருவருக்கு விருப்பமில்லை என்றால், அவர் பாத்திரத்தின் மேல் அந்த மந்திரத்தைப் போடுவதே இல்லை.